ஐந்தாவது வளைவு

என் தம்பி ரூபேஷ் எங்கள் அப்பா அம்மாவுக்கு ஒரே பிள்ளை. இதை நான் சொல்லவில்லை, அவனே கன்னட டிவியில் சொன்னான். வெள்ளை சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று பேட்டி எடுத்த பெண் கேட்டதும், "யாரும் இல்லை, நான் ஒருத்தன்தான்" என்று கன்னடத்தில் சொல்லி ஒரு விரலைத் தூக்கிக் காட்டினான். அந்த விரலைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் வகுப்புவரை அவனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவந்தவன் நான்.

மறுநாள் காலையில் எங்கள் கோலார் தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் டைட்டஸ் கடைக்கு டீ குடிக்கப் போனேன். டைட்டஸ் கிளாஸை நீட்டிவிட்டு மறுபடியும் இழுத்துக்கொண்டான்.

"இன்னா ராமலிங்கம், நீ பொறக்கவே இல்லியாமே? அப்போ இத்தினி வருசமா நான் யாருக்கு டீ ஊத்திகினு கீறேன்?"

கடையே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். வேறென்ன செய்வது? கிளாஸை அவன் கையிலிருந்து வாங்கிச் சூட்டோடு குடித்தேன்.

எங்கள் தொழில் பாடை கட்டுவது. இதில் மூடி மறைக்க ஒன்றுமில்லை. அப்பா நந்திதுர்க் சுரங்கத்தில் டிம்பர்மேன். கீழே லெவலில் பாறை சரியாமல் இருக்க மரம் முட்டுக் கொடுக்கிற வேலை. ஷிஃப்டில் யாராவது செத்துப்போனால், மேலே வந்து அவனுக்குப் பாடை கட்டுவதும் அவர்தான். மரம் தெரிந்த கை என்று அவரையே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். சுரங்கத்தை மூடிய பிறகு அதுவே முழுநேர வேலையானது. மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அப்பாவுக்குப் பிறகு அது எனக்கு வந்தது.

எங்கள் ஊர்ப் பாடை என்றால் இரண்டு மூங்கிலும் நான்கு ஓலையும் இல்லை. மூங்கிலைப் பிளந்து, ஊறவைத்து, அனலில் காட்டி வளைத்து, வரிசையாக வளைவுகள் நிறுத்திப் பூச்சுற்றினால் தேர் மாதிரி நிற்கும். அதற்கு ஒரு முறை இருக்கிறது. அற்பாயுசில் போனவனுக்கு மூன்று வளைவு. பேரன் பேத்தி பார்த்துவிட்டுப் போனவருக்கு, அதாவது கல்யாணச் சாவுக்கு, ஐந்து வளைவு. நடுவில் இருப்பது மற்றவற்றைவிட ஒரு முழம் உயரம். முடிச்சு எல்லாம் உருவு முடிச்சு, கயிற்று நுனி வெளியே தொங்கும். சுடுகாட்டில் ஒரே இழுப்பில் எல்லாம் கழன்றுவர வேண்டும். அழுதுகொண்டு நிற்கிறவர்களை அங்கே கத்தி தேட வைக்கக்கூடாது. இந்த ஊரில் ஒரு தடவையாவது தோள் கொடுத்த ஆம்பளை யாராக இருந்தாலும் இதைப் பார்த்தவுடன் சொல்லிவிடுவான்.

ரூபேஷுக்கு அம்மா போனபோது ஆறு வயது. எனக்குப் பதினைந்து. கொட்டகையிலேயேதான் வளர்ந்தான். பதிமூன்று வயதில் ஒருநாள், "அண்ணா, மஞ்சளுக்குப் பக்கத்துல சிவப்பு வைக்காதீங்க, நடுவுல வெள்ளை குடுங்க" என்றான். கொடுத்துப் பார்த்தேன். பிணம் எடுக்க வந்தவர்கள்கூட ஒரு நிமிஷம் நின்று பார்த்தார்கள். அவனுக்குக் கண் இருந்தது. அதை நான் எப்போதும் மறுத்ததில்லை. பத்தாவது முடித்துவிட்டு ஜவுளிக்கடையில் பொம்மைகளுக்குப் புடவை கட்டி ஜன்னலில் நிறுத்தினான். பிறகு பெங்களூரில் கல்யாண மேடை போடுகிற கம்பெனி. மேடையைப் பார்த்த பெண்வீட்டார் ஒருவர் தன் ஃபிளாட்டை அலங்கரிக்கச் சொன்னார். ஒரு ஃபிளாட் பத்து ஃபிளாட் ஆனது. அப்புறம் டிவி. பழைய வீட்டை எடுத்துக்கொண்டு, குடும்பத்தை இரண்டு நாள் ஓட்டலுக்கு அனுப்பிவிட்டு, திரும்பி வரும்போது புது வீடாக்கிக் காட்டுகிற நிகழ்ச்சி. கண்ணைக் கட்டிக் கூட்டிவந்து, கட்டை அவிழ்த்து, அழவைப்பார்கள். அழாதவர்களை அழும்வரை நிறுத்திவைப்பார்களாம்.

முதல் நிகழ்ச்சியை நானும் ராஜமும் சேர்ந்துதான் பார்த்தோம். ராஜம் என் சம்சாரம். ஏதோ ஒரு டாக்டரம்மாவின் படுக்கையறை. துணியை விலக்கினான். கட்டிலுக்கு மேலே மூங்கில் வளைவுகள், வெள்ளைத் துணி, மஞ்சள் விளக்கு. டாக்டரம்மா கைதட்டிக் குதித்தாள். ராஜம், "ஐயோ, இன்னாங்க இது" என்று வாயில் புடவையைத் திணித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. நம்முடைய பாடையில் பெங்களூர்க்காரி படுத்துக்கொள்ளப்போகிறாள்.

பையன் கெட்டிக்காரன். ஐந்தை நான்காக்கி, எல்லாவற்றையும் ஒரே உயரமாக்கி, முடிச்சு தெரியாமல் சணல் சுற்றியிருந்தான். வெளியூர்க்காரனுக்கு ஒன்றும் தெரியாது. உள்ளூர்க்காரனுக்குச் சந்தேகம் வரும், சத்தியம் பண்ண முடியாது. 'ரூபேஷ் ஆர்ச்' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. அது இல்லாவிட்டால் அவன் வேலை என்று ஒத்துக்கொள்ள மாட்டார்களாம். திருடினான் என்று எனக்குக் கோபம் இல்லை, சத்தியமாக இல்லை. அப்பாவுடைய கை டிவியில் வருகிறதே என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தேன். எனக்கு வேண்டியிருந்தது ஒரே வார்த்தை. எனக்கு ஒரு அண்ணன் இருக்கிறார் என்று அந்த மைக்கில் ஒரு தடவை சொல்லியிருக்கலாம். அவன் விரலைத் தூக்கிக் காட்டினான்.

போன மார்கழியில் அந்த நிகழ்ச்சி எங்கள் ஊருக்கே வந்தது. ஊரிகத்தில் சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிக்கொடுத்த பழைய லைன் வீட்டில் இருக்கிற தசரதனின் வீடு. எழுபத்தைந்து வயது, பேரன் பேத்தி பார்த்தவர், சுரங்கத் தூசி நுரையீரலைத் தின்றுவிட்டது, நான்கு வார்த்தை பேசினால் ஒரு மூச்சு வாங்குவார். சம்சாரம் பார்வதம்மா. மகள் மமதா தினமும் காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறவள். நைனாவுக்கு ஒரு நல்ல கட்டிலும் காற்றுவருகிற ஜன்னலும் வேண்டும் என்று டிவிக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். தங்கச் சுரங்கத் தொழிலாளி, இருமல், ஒற்றை அறை. டிவிக்காரர்கள் விடுவார்களா? அந்த சீசனின் கடைசி நிகழ்ச்சி, அதுவும் நேரலை என்று அறிவித்துவிட்டார்கள்.

நேரலைக்கு இரண்டு நாள் முன்னால், பட்டப்பகலில், தொப்பியும் மாஸ்க்கும் போட்ட ஒருத்தன் கொட்டகைக்குள் நுழைந்தான்.

"அண்ணா, நல்லா கீறீங்களா?"

மாஸ்க்கைக் கழற்றினான். ரூபேஷ்தான். டிவியில் இல்லாத ஊர்ப்பேச்சு இங்கே தானாக வந்துவிட்டது. உள்ளே இருந்த ராஜத்தைக் கூப்பிட்டேன். "இங்க பாரு ராஜம், பொறக்காதவனைப் பாக்க வந்துகீறாரு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ஆர்ச் வண்டியிலயே முறிஞ்சிடுச்சிண்ணா. பெங்களூர்ல சொல்லி இன்னொன்னு வர டைம் இல்ல. ஆர்ச் இல்லாம எபிசோடே இல்லன்னு டைரக்டர் ஒத்தக்கால்ல நிக்கிறாரு. இது நல்லா போச்சின்னா அடுத்த சீசன் என் பேர்லயே வருது. சொதப்பினா வேற ஆளைப் போட்டுடுவாங்க. கான்ட்ராக்ட் ரெடியா கீது, சைன்தான் பாக்கி."

"இன்னா வோணும்?"

"நாலு வளைவு. எல்லாம் ஒரே உயரம். முடிச்சு தெரியக்கூடாது. நம்ம ஊரு, உங்களுக்கே தெரியும்."

"பண்ணித் தரேன். நீ ஒன்னு பண்ணு. மைக்ல, இதை வளைச்சது எங்க அண்ணன்னு ஒரு வார்த்தை சொல்லு."

அவன் மாஸ்க்கின் கயிற்றை விரலில் சுற்றினான்.

"பாடைன்னு சொல்லாத. மரவேலைன்னு சொல்லு, மூங்கில் வேலைன்னு சொல்லு, எது வோணா சொல்லிக்கோ. அண்ணன்னு மட்டும் சொல்லு."

"அது முடியாதுண்ணா." குரலில் கோபம்கூட இல்லை, ஏதோ கடையில் சரக்கு இல்லை என்று சொல்கிற மாதிரி சொன்னான். "ஒரே புள்ளைன்னு சொல்லிட்டேன். இப்போ மாத்தினா ஏன் மறைச்சேன்னு தோண்டுவாங்க. தோண்டினா நேரா இந்தக் கொட்டாய்க்குத்தான் வருவாங்க. நீங்க இங்கியே இருந்துட்டீங்க, உங்களுக்கு ஒன்னும் இல்ல. நான் அங்க வாழணும்."

"சரி" என்றேன்.

காலைத் தொட்டுக் கும்பிட்டான். மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று, தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். ஒருத்தரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் இறங்கினான். போகக்கூடாத வீட்டிலிருந்து வெளியே வருகிறவன் பார்க்கிற பார்வை அது. அவன் காலைத் தொட்டபோது எனக்கு மனசு இளகிவிட்டது, பொய் சொல்லவில்லை. அந்தப் பார்வையைப் பார்த்தபோது மறுபடியும் இறுகிவிட்டது.

நல்ல மூங்கிலாகப் பார்த்து எடுத்தேன். அவ்வளவு நேர்த்தியாக நான் எதையும் வளைத்ததில்லை. நான்கு முடிந்து ஐந்தாவதை எடுத்தபோது ராஜம் கையைப் பிடித்தாள்.

"நாலுதானே கேட்டாரு?"

"சும்மா இரு."

"வேணாங்க. தசரதன் மாமா உங்களுக்கு இன்னா கெடுதல் பண்ணாரு? அவருதானே அதுல படுக்கப் போறாரு."

அவள் சொன்னது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. என் கண்ணுக்கு ரூபேஷ் மட்டும்தான் தெரிந்தான். ஐந்தாவது வளைவை ஒரு முழம் உயர்த்தி நடுவில் நிறுத்தினேன். எல்லாவற்றையும் உருவு முடிச்சாகப் போட்டு, நுனிகளை வெளியே விட்டேன். வெள்ளைத் துணியால் சுற்றிவைத்தேன். டிவி கம்பெனி ஆள் கிரண் வேனில் வந்து எடுத்துப் போனான். பெங்களூர்ப் பையன், ஐந்து இருந்தால் நான்கைவிட நல்லதுதானே என்று நினைத்திருப்பான். ரூபேஷ் கொட்டகையிலிருந்து போனதும் கோலார் டவுன் ஓட்டலில் தசரதன் குடும்பத்தோடு படப்பிடிப்பில் இருந்தான். ஞாயிறு காலை அவர்களோடுதான் நேராக வந்து இறங்கினான். வளைவை மாட்டும்போது அவன் பக்கத்தில் இல்லை.

அன்றைக்கு நான் புதுச்சட்டை போட்டுக்கொண்டு போனேன். என் பெயரைச் சொல்லி அவன் கை காட்டப்போகிறான், ஊரே என்னைத் திரும்பிப் பார்க்கப்போகிறது. அடி விழுந்தாலும் விழட்டும். 'எங்க அண்ணன்தான் பண்ணிட்டாரு' என்று காட்டிக்கொடுத்தாலாவது அந்த வார்த்தை அவன் வாயிலிருந்து வருமே. என் யோசனை எல்லாம் அவ்வளவுதான். புது ஜன்னலுக்கு வெளியே கூட்டத்தோடு நின்றேன்.

வீடு நன்றாகத்தான் இருந்தது. சுவரில் வெளிர்பச்சை, பாத்திரங்களுக்கு மரப்பலகை, பெரிய ஜன்னல். தசரதனைக் கண்ணில் ரிப்பன் கட்டிக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தான் ரூபேஷ். பார்வதம்மாவும் மமதாவும் பின்னால் வந்தார்கள். டைரக்டர் மஞ்சுநாத் மூலையில் சின்ன டிவிப் பெட்டிக்குமுன் உட்கார்ந்திருந்தார். கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ரூபேஷ் கட்டிலின் மேலிருந்த துணியை இழுத்தான். மமதா அப்பாவின் கண்கட்டை அவிழ்த்தாள்.

ஜன்னலில் நின்ற எங்கள் ஆட்களுக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. என் பக்கத்தில் இருந்தவர் பாடையைக் கண்ட பழக்கத்தில் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிவிட்டார்.

பார்வதம்மா ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு மாரில் அடித்துக்கொண்டு, "ஐயோ என் சாமி, உக்காந்திருக்கும்போதே தூக்க வந்துட்டாங்களே" என்று ஒப்பாரி வைத்தாள். மஞ்சுநாத்துக்குத் தமிழ் தெரியாது. ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டு, இன்னும் கிட்டே போங்கள், இன்னும் கிட்டே என்று கேமராக்காரனுக்குக் கையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

தசரதன் அழவில்லை. மெதுவாக நடந்துபோய் வளைவுகளை விரலால் தொட்டு எண்ணினார். தொங்கிக்கொண்டிருந்த ஒரு நுனியைப் பிடித்து இழுத்தார். முடிச்சு உருவிக்கொண்டு வந்தது. நடுவளைவு ஒருபக்கமாகச் சாய்ந்து கட்டில்மேல் விழுந்தது.

"எத்தினி பேரைத் தூக்கிக்கீறேன்..." மூச்சு வாங்கினார். "எனக்குத் தெரியாதா? டேய் ரூபேஷு... இது உங்கண்ணன் கட்டுனதாடா?"

ரூபேஷ் கயிற்றைப் பார்த்தான். அவனுக்குப் புரிய அரை நிமிஷம்கூட ஆகவில்லை. முகம் வெளுத்துவிட்டது. தலையைத் தூக்கி ஜன்னல் பக்கம் பார்த்தான், கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்தான். நானும் பார்த்தேன். சொல்லுடா, ஆமாம்னு சொல்லு, என்னைக் காட்டு என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவன் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே தப்பித்திருப்பான்.

அவன் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனான். தமிழிலேயே சொன்னான்.

"எனக்கு அண்ணன் யாரும் இல்லிங்க. இதைக் கட்டினது நான்தான்."

மமதா அவன் கன்னத்தில் அறைந்தாள். இரண்டாவது அறையும் நேரலையில் போனது. அதற்குள் யாரோ செருப்பை வீசினார்கள், கிரண் ஓடிவந்து கேமராவை மூடினான். லைன் ஆட்கள் கதவை அடைத்துக்கொண்டார்கள். ரூபேஷை வேனில் ஏற்றுவதற்குள் சட்டை கிழிந்து, உதடு வீங்கி, ஒரு காலில் ஷூ இல்லை. நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வேன் கண்ணாடிவரை போய்விட்டேன்.

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதானேடா! எங்க அண்ணன்தான்னு சொல்ல வேண்டியதுதானே!"

கண்ணாடிக்குள்ளிருந்து என்னை நன்றாகப் பார்த்தான். "யாருங்க நீங்க?" என்றான். வேன் கிளம்பிவிட்டது.

கன்னத்தில் விழுந்த அந்த அறை வீடியோவாகக் கர்நாடகம் முழுக்க ஓடியது. உயிரோடிருப்பவருக்குப் பாடை கட்டிய டிசைனர் என்று ஆளாளுக்குப் பாட்டுப் போட்டார்கள். கான்ட்ராக்ட் போனது. பெங்களூரில் அவனுடைய வளைவுக்கு அடியில் படுத்துக்கொண்டிருந்த பெரிய வீட்டு அம்மாக்களுக்கெல்லாம் தாங்கள் எதில் படுத்திருக்கிறோம் என்று ஒரே நாளில் தெரிந்துபோனது. மூங்கிலைப் பிடுங்கித் தெருவில் எறிந்துவிட்டு, ஐயரைக் கூப்பிட்டுப் பரிகாரம் செய்துகொண்டார்களாம். இப்போது ஹொசூரில் யாரோ ஒருவரிடம் கடைகளுக்குக் கூரைப்பலகை ஒட்டுகிறான் என்று கேள்வி. ஒரு பத்திரிகைக்காரன் அவனைத் தேடிப்போய், உங்கள் ஊரில் உங்களுக்கு அண்ணன் இருக்கிறாராமே, அவர் செய்த வேலையா என்று கேட்டிருக்கிறான். இல்லை என்று கதவைச் சாத்திவிட்டானாம். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னான் என்கிறாள் ராஜம். அவளுக்கு நல்ல மனசு. எனக்குத் தெரியும், அவன் பிச்சை எடுத்தாலும் எடுப்பானே தவிர என்னை அண்ணன் என்று சொல்ல மாட்டான்.

தசரதன் அந்தக் கட்டிலில் ஒருநாளும் படுக்கவில்லை. அந்த அறைக்குள்ளேயே போகவில்லை. மார்கழிக் குளிரில் வெளியே வாசற்படிக்குப் பக்கத்தில் தரையில் பாயை விரித்துப் படுத்தார். இருமல் நெஞ்சில் இறங்கியது. முப்பத்தெட்டாம் நாள் போய்ச் சேர்ந்துவிட்டார். தூசிதான் கொன்றது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். நான் கொன்றேன். ராஜம் சொன்னபோது நான்காவதோடு கையை நிறுத்தியிருந்தால் அவர் இன்றைக்கும் ஜன்னல் காற்றில் இருமிக்கொண்டிருப்பார்.

பாடைக்குச் சொல்ல ஆள் வந்தபோது நானே அந்த வீட்டுக்குப் போனேன். பார்வதம்மா பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். மமதா, டைட்டஸ், லைன் ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். அவள் காலில் விழுந்தேன்.

"யக்கா, அதைக் கட்டுனது நான்தான். தெரிஞ்சேதான் கட்டுனேன். அவன் நாலுதான் கேட்டான். நான் அஞ்சு கட்டிக் குடுத்தேன்."

பார்வதம்மா என் தலையில் கை வைத்தாள். "இன்னாத்துக்குடா ராமலிங்கம் அவன் பழிய உன் தலையில போட்டுக்கிற? டிவில, எல்லார் முன்னாடியும், அவன் வாயாலதானே சொன்னான்?"

"இல்ல யக்கா, சத்தியமா நான்தான்."

"எழுந்திரிடா. அண்ணனே இல்லேன்னு சொன்னவனுக்கு நீ இன்னும் முட்டுக் குடுத்துகினு கீற பாரு."

சுற்றி இருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். மமதா கண்ணைத் துடைத்துக்கொண்டே எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கூடப்பிறந்த பாசம் என்றால் இதுதான் என்று டைட்டஸ் எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். நான் மறுபடியும் மறுபடியும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர்களுக்கு என்மேல் இரக்கம்தான் கூடியது.

தசரதனுக்கு ஐந்து வளைவில் கட்டினேன். கல்யாணச் சாவு. மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவில் வெள்ளை. தூக்கிக்கொண்டு போனார்கள். சுடுகாட்டில் ஒரே இழுப்பில் எல்லா முடிச்சும் கழன்றது.

அன்றிலிருந்து ஊரில் யாரும் என்னைப் பாடைக்காரன் என்று கூப்பிடுவதில்லை. மார்க்கெட்டில் போனால் புதிதாக வருகிறவர்களிடம் என்னைக் காட்டி, இவர்தான் ரூபேஷோட அண்ணன் என்கிறார்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது.